பட்டாளத்துச் சல்லி

எல்கடுவையில் தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டிய காலமெல்லாம் என் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அது நிறையப் பித்தளை வட்டங்கள். பார்வைக்குக் காசு மாதிரி இருக்கும், ஆனால் எந்தக் கடையிலும் செல்லாது. அத்தனையையும் அள்ளிக் கொடுத்தாலும் ஒரு தீப்பெட்டி கிடைக்காது. கொழுந்து எடுத்துக் களைத்து வரும் என் மனைவி அதற்கு வைத்த பேர் 'பித்தளைக் குப்பை'. அதைச் சேர்த்த எனக்கு அவள் வைத்த பேரை எழுதினால் பேரப்பிள்ளைகள் முன்னால் மரியாதை போய்விடும்.

அந்தக் குப்பையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதன் பேரால் எனக்குக் கிடைத்ததை நினைத்தால் இன்றைக்கும் கை கூப்பத் தோன்றுகிறது.

இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் நான் பட்டாளத்தில் லொறி சாரதி. மாத்தளைக்கு வடக்கே இருக்கும் நாலந்தாவுக்குப் பக்கத்தில் காட்டை வெட்டி எங்கள் முகாமைப் போட்டிருந்தார்கள். சாமான் ஏற்றி இறக்கும் பிரிவு அது. துவக்கைத் தொட்டவர்கள் எங்களில் குறைவு. மற்றப் பிரிவுக்காரர்கள் எங்களை மூட்டை தூக்கிகள் என்று கேலி பண்ணுவார்கள். எங்களுக்கு மேலே இருந்த வெள்ளைக்காரக் கப்டனுக்கு அது பிடிக்கவில்லை. சுட்டுப்போட்ட பீரங்கிக் குண்டுகளின் பித்தளைக் கோதுகளை வேர்க்‌ஷொப்பில் வெட்டி, வட்டமாக ராவி, ஒரு பக்கம் லொறியின் சக்கரச் சில்லும் மறுபக்கம் அவனவன் நம்பரும் அடிக்கச் செய்தார். பிறகு எங்களை வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவனுக்கும் கை குலுக்கினார். குலுக்கும்போதே உள்ளங்கைக்குள் அந்த வட்டத்தை வைத்து அழுத்தினார். அதுவரை ஒரு வெள்ளைக்காரன் எனக்குக் கை கொடுத்ததில்லை. கையைத் திறந்து பார்க்கவே எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அதற்கு ஒரு விதி இருந்தது. எங்கே போனாலும் அது உடம்போடு இருக்க வேண்டும். எங்களில் எவனாவது தன்னுடையதை எடுத்து மேசையில் 'டக்'கென்று தட்டி வைத்தால், அங்கே இருக்கும் மற்றவர்களும் உடனே தங்களுடையதை எடுத்து வைக்க வேண்டும். கொண்டுவராதவன் எல்லோருக்கும் வாங்கிக் கொடுக்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் எதை வாங்கிக் குடித்தார்களோ, எங்களுக்குத் தேத்தண்ணிதான். எல்லோரும் வைத்திருந்தால் தட்டியவன் தலையில் செலவு விழும். இந்த விதி எங்களைப் பைத்தியமாக்கியது. ஓடையில் குளித்துக்கொண்டிருந்த ஒருவனைக் கரையிலிருந்து கல்லில் தட்டிக் கூப்பிட்டபோது, அவன் வாய்க்குள்ளிருந்து எடுத்துக் காட்டினான்.

கப்டன் அதற்கு இங்கிலீசில் ஏதோ பேர் சொன்னார். எங்கள் வாயில் அது நுழையவில்லை. நாங்கள் 'சல்லி' என்றோம். சிங்களத்தில் காசுக்கு உள்ள பேர் அதுதான், மலையகத்தில் நாங்களும் காசை அப்படித்தான் சொல்வோம். சம்பள நாளில் "சல்லி இருக்கா?" என்று ஒருவன் கேட்டால், அவன் கடன் கேட்கிறானா, காட்டச் சொல்கிறானா என்று விளங்காமல் நாங்கள் விழிப்பதும் சிரிப்பதுமாக இருந்தோம். இந்த வார்த்தை ஒருநாள் என் விலா எலும்பில் துவக்கைக் கொண்டுவந்து நிறுத்தும் என்று யாருக்குத் தெரியும்.

யுத்தம் முடிந்தது, முகாம் கலைந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது, வெள்ளைக்காரர் போனார்கள். விதி மட்டும் போகவில்லை. எங்களோடு சாரதியாக இருந்த ஒரு முஸ்லிம் நண்பர் மாத்தளையில் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கும் கடை போட்டார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அதனால் எனக்கு அவர் நானா. தேயிலைப் பெட்டிகளை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு நான் அவர் கடைக்குள் கால் வைத்ததும் கல்லாப் பலகையில் 'டக்' என்று சத்தம் கேட்கும். "சல்லி ஈக்கா?" என்பார். நானும் சாரத்து மடிப்பிலிருந்தோ சட்டைப் பையிலிருந்தோ எடுத்துத் தட்டுவேன். மிளகு விற்க வந்த கிராமத்து ஆட்கள் எங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். தட்டித் தோற்றாலும் நானாவுக்குத் தட்டாமல் இருக்க முடியாது. இஞ்சி தட்டிப் போட்ட அந்தத் தேத்தண்ணியை எத்தனை வருஷம் குடித்தேன் என்று கணக்கில்லை.

சேர்க்கும் ஆசையை எனக்குள் ஏற்றியதும் அந்தக் கடைதான். யுத்தத்தில் இருந்தவர்கள் அங்கே வந்து போவார்கள். தம்புள்ளை விமானத் திடலில் வேலை செய்த ஒருவர் இறக்கை பொறித்த சல்லியைத் தந்தார். திருகோணமலையிலிருந்து மீன் லொறி ஓட்டிவந்த ஒருவர் நங்கூரம் பொறித்ததைத் தந்தார். எங்கள் முகாமுக்கு அடுத்திருந்த ஆப்பிரிக்கச் சிப்பாய் ஒருவன் தானே உளியால் கொத்திய காட்டெருமைத் தலைச் சல்லி ஒன்று முன்பே என்னிடம் இருந்தது. அந்தக் கொம்புகளை ஒரு நாள் பூராவும் பார்த்துக்கொண்டிருக்கலாம். சுதந்திரத்துக்குப் பிறகு நம் நாட்டுக்கென்று வந்த புதிய பட்டாளத்தில் சேர்ந்த ஒரு சாரதி, அவர்களுடைய வேர்க்‌ஷொப்பில் யானை உருவம் அடித்து ஒன்று செய்து தந்தான். எங்களைப் பார்த்து ஆசைப்பட்டு அவனாகச் செய்தது அது.

எனக்கு முன்கோபம் உண்டு, அதைவிடச் சட்டம் பேசும் குணம் உண்டு. சல்லியை விலைக்கு வாங்கக் கூடாது. அது கைக்குள்ளிருந்து கைக்குள் வரவேண்டும். கொடுத்ததைத் திருப்பி வாங்கக் கூடாது. துளை போடக் கூடாது. கண்டியிலிருந்து ஒரு பழைய சாமான் வியாபாரி பளபளவென்று இரண்டைக் கொண்டுவந்து விலை சொன்னபோது, நான் போட்ட சத்தத்தில் அவன் குடையை விட்டுவிட்டுப் போனான். குடையை நானாதான் அவன் பின்னால் ஓடிப்போய்க் கொடுத்தார். இன்னொரு முறை தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்த என் மனைவி டின்னைத் திறந்து எல்லாவற்றையும் புளியும் சாம்பலும் போட்டு விளக்கி வெயிலில் பரப்பியிருந்தாள். பல பேருடைய கை பட்டுக் கறுத்த கறுப்பு மொத்தமும் போய்விட்டது. நான் அன்று மத்தியானச் சோற்றைத் தொடவில்லை. "பளிச்சின்னு இருந்தா அதுக்கும் கோவமா?" என்று கேட்டுவிட்டு என் பங்கையும் அவளே சாப்பிட்டாள்.

எழுபத்தோராம் வருஷம் சித்திரை மாதம் நாட்டில் கலவரம் வெடித்தது. துவக்கும் கைக்குண்டுமாக இளம் பிள்ளைகள் பொலிஸ் நிலையங்களைத் தாக்கினார்கள், பட்டாளம் ரோட்டுக்கு வந்தது, ஊரடங்கு போட்டார்கள். எங்கள் பக்கம் மத்தியானத்துக்குப் பிறகு யாரும் ரோட்டில் இறங்கக் கூடாது, இறங்கினால் சுடுவார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். அந்த நேரம் என் ஒரே மகள் தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மருமகனுக்கு வேறு தோட்டத்தில் வேலை, பஸ் ஓடாததால் அவனுக்கு வர வழியில்லை.

ஒரு நாள் காலையில் அவளுக்கு வலி கண்டது. தோட்டத்து மிட்வைஃப் வந்து பார்த்தார். பொறுமைசாலியான அந்த அம்மா மத்தியானம் தாண்டியதும் வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, இருட்டுவதற்குள் மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் இரண்டு உயிருக்கும் உத்தரவாதமில்லை என்றார். தொரை பங்களாவுக்கு ஓடினேன். டெலிபோன் கம்பியை எங்கேயோ அறுத்துவிட்டிருந்தார்கள். தொரை லொறிச் சாவியைத் தயங்காமல் எடுத்துத் தந்தார். ஊரடங்குப் பாஸ் மட்டும் பொலிஸ்தான் தரவேண்டும், பொலிசுக்குப் போவதானாலும் அதே ரோட்டில்தான் போகவேண்டும்.

லொறியின் பின்னால் மெத்தையைப் போட்டு மகளைக் கிடத்தினோம். என் மனைவியும் மிட்வைஃபும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பிடித்துக்கொண்டார்கள். முன்னால் ஒரு வெள்ளைச் சீலையைக் கட்டினேன். அந்த மலை ரோட்டின் ஒவ்வொரு வளைவும் எனக்கு மனப்பாடம், ஆனால் அன்று அது எனக்குப் புதிய ரோடு. கடைகளெல்லாம் பூட்டு, ஒரு குருவி இல்லை. வேகமாகப் போனால் அவள் கத்தினாள், மெதுவாகப் போனால் எனக்கு உயிர் போனது. மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே இறங்கினேன்.

கீழே பாலத்தடியில் ரோட்டுக்குக் குறுக்கே தார்ப் பீப்பாய்களை வைத்திருந்தார்கள். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையிலிருந்து ஒரு மேசையை இழுத்துப்போட்டுப் பட்டாளத்துச் சார்ஜன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது தாண்டியவர், கண் சிவந்து, பல நாள் தூங்காத முகம். அவரோடு நின்ற பொடியன்களுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. என்னைவிட அவர்கள்தான் பயந்துபோயிருந்தார்கள். இறங்கச் சொன்னார்கள், இறங்கினேன். பாஸ் கேட்டார்கள், இல்லை. மகளின் நிலையைச் சிங்களத்தில் சொன்னேன். ஒருவன் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு வந்து தலையாட்டினான். ஆனாலும் சார்ஜன் திரும்பிப் போகச் சொன்னார். முந்தின நாள்தான் நோயாளி என்று சொல்லி ஒரு வேனில் துவக்கு கொண்டுபோயிருக்கிறார்கள், பாஸ் இல்லாமல் ஒரு லொறியையும் விடக் கூடாது என்பது மேலிடத்துக் கட்டளை. பிறகு, பையில் இருப்பதையெல்லாம் எடுத்து மேசையில் வை என்றார்.

பீடிக்கட்டு, தீப்பெட்டி, கைக்குட்டை எல்லாவற்றையும் வைத்தேன். கடைசியாகச் சல்லி கையில் வந்தது. வருஷக்கணக்கான பழக்கம், கை என் பேச்சைக் கேட்கவில்லை. மேசையில் 'டக்'கென்று தட்டியே வைத்தது.

இது என்ன என்று சார்ஜன் கேட்டார். என் வாயும் என் பேச்சைக் கேட்கவில்லை.

"மேக்க ஹமுதாவே சல்லி" என்றேன்.

என் மனசில் அது 'இது பட்டாளத்துச் சல்லி'. அவர் காதில் அது 'இது பட்டாளத்துக்கான காசு'. தட்டி வேறு வைத்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற பொடியன் துவக்கு முனையை என் விலாவில் வைத்து அழுத்தினான். எனக்கே லஞ்சமா என்று சார்ஜன் எழும்பினார். அதுவும் செல்லாக் காசிலா என்றார்.

பயந்து காலில் விழுந்திருக்க வேண்டும். வேறு எவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். எனக்கு வந்ததோ ரோஷம். சல்லியைப் போய் லஞ்சம் என்று ஒருவர் சொல்வதை என்னால் தாங்க முடியவில்லை. இதை ஒருத்தனும் விற்கவும் முடியாது வாங்கவும் முடியாது என்று கத்தினேன். நாலந்தா முகாமில் யுத்தக் காலத்தில் தந்தது, தட்டி வைத்தால் எதிரே இருக்கிற பட்டாளக்காரர் தன்னுடையதைக் காட்டவேண்டும், அதுதான் விதி என்றேன். துவக்கு விலாவில் இருக்க விதி பேசினேன்.

"உங்ககிட்ட ஒண்ணும் இல்லியே. அப்ப நான் உங்களுக்குத் தரவேண்டியதில்லைங்க. நீங்கதான் எனக்குத் தரணும்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

"என்ன தரணும்?"

"தேத்தண்ணி" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. தேத்தண்ணிக் கடை வாசலில் நின்ற அதன் முதலாளி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். லொறிக்குள்ளிருந்து மகள் "அப்பா" என்று கூப்பிட்டாள். கத்தக்கூட அவளிடம் தெம்பு இல்லை. நான் அழத் தொடங்கினேன்.

சார்ஜன் சல்லியைக் கையில் எடுத்தார். சில்லைப் பார்த்தார், திருப்பி நம்பரைப் பார்த்தார். விரலால் தடவினார். இத்தனை வருஷமும் இதைப் பையிலேயே வைத்திருந்தீர்களா என்று கேட்டார். அதுவரை என்னை 'நீ' என்றவர், அப்போது 'நீங்கள்' என்றார். ஆமாம் என்றேன். பொடியனைப் பார்த்து ஏதோ சொன்னார், துவக்கு விலகியது. சல்லியை என் கையில் திருப்பி வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"தேத்தண்ணி குடிக்க இப்ப நேரமில்லை. ஏறுங்க, நானும் வர்றேன்" என்றார்.

மேலிடத்துக் கட்டளை அவருக்கும்தான். அதை மீறினால் என்ன நடக்கும் என்று பட்டாளத்தில் இருந்த எனக்குத் தெரியும். அவர் முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். பீப்பாய்கள் உருண்டன. அடுத்த காவலில் அவர் ஜன்னலால் தலையை நீட்டினார், வழி விட்டார்கள். டவுனுக்குக் கிட்டே இன்னொரு காவல். அங்கே இருந்தவர்கள் லொறியைக் கண்டதும் துவக்கைத் தூக்கினார்கள். அவர் என்னை நிறுத்தச் சொல்லி, இறங்கி, இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு தனியாக அவர்களை நோக்கி நடந்தார். அந்த நடையை நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கூடப்பிறந்தவர்கள்கூட எனக்காக அப்படி நடந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் அவளை நேரே ஆப்பரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரிடம் கேட்டேன், ஒன்றும் சொல்ல முடியாது என்றார். சார்ஜன் குழாயில் முகம் கழுவிக்கொண்டு நின்றார். பாலத்துப் பக்கம் போகும் பட்டாள லொறி ஒன்று வாசலில் ஹோர்ன் அடித்தது, அவர் புறப்பட்டார். நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன். கையை நீட்டினேன், அவரும் நீட்டினார். குலுக்கும்போது என் சல்லியை அவர் உள்ளங்கைக்குள் வைத்து அழுத்தினேன். அவர் பார்த்துவிட்டுத் திருப்பித் தரப் போனார். அவருக்கு விதி தெரியாது. நான் அவர் விரல்களை மூடிவிட்டேன்.

பேர் கேட்க மறந்துபோனேன். அவர் லொறியில் ஏறிப் போன பிறகும் வெகு நேரம் மகளைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. பொழுது பட்டபிறகு என் மனைவி வராந்தாவுக்கு வந்தாள். இரண்டு பேரும் இருக்கிறார்கள், பேத்தி என்றாள். சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாங்கள் இருவரும் சண்டை போடாமல் இருந்த மிக நீண்ட நேரம் அதுதான்.

சில நாள் போக, பகலில் ஊரடங்கைத் தளர்த்தியதும் நானாவின் கடைக்குப் போனேன். கால் வைத்ததும் பலகையில் 'டக்'. பையைத் தடவிவிட்டு இல்லை என்றேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அவர் முகம் பூரித்தது. பிறகு நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் என்றார். ஆனாலும் தேத்தண்ணிச் செலவு உன்னுடையதுதான், விதி விதிதான் என்றார். அவர் விட்டுக்கொடுத்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

மகளையும் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பிய அன்று, தொரையிடம் கேட்டு அதே லொறியைத்தான் கொண்டுபோனேன். மகள் முன்னால் என் பக்கத்தில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் என் மனைவி. பாலத்தில் பீப்பாய்கள் இல்லை, பட்டாளமும் இல்லை. சார்ஜனைக் கண்டு பிள்ளையைக் காட்டலாம் என்று வந்த நான் லொறியை மெதுவாக்கி இரண்டு பக்கமும் பார்த்தேன். கடை திறந்திருந்தது. முதலாளி ரோட்டுக்கு ஓடிவந்து லொறியை மறித்தார்.

அவர்கள் வேறெங்கோ மாற்றலாகிப் போய்விட்டதாகச் சொன்னார். எங்கே என்று அவருக்கும் தெரியாது. பிறகு எங்களை இறங்கச் சொல்லி அந்த மேசையில் உட்கார வைத்தார். மூன்று கிளாஸ் தேத்தண்ணி வந்தது. நல்ல பால் தேத்தண்ணி. அதற்குப் பின்னால் ஒரு சின்னக் கிளாசில் சர்க்கரை போட்ட வெறும் பால் வந்தது. அது யாருக்கு என்று கேட்டேன்.

சார்ஜன் மாத்தயா முன்கூட்டியே காசு கொடுத்துவிட்டுச் சொன்னாராம். தோட்டத்து லொறிக்காரர் இந்தப் பக்கம் வருவார், நாலு பேராக வருவார்கள், மூன்று பேருக்குத் தேத்தண்ணி, சின்னவருக்குப் பால்.

எப்போது சொன்னார் என்று கேட்டேன்.

"அன்னைக்கே பின்னேரம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கின உடனே" என்றார் முதலாளி.

அந்த நேரம் என் மகள் ஆப்பரேஷன் மேசையில் கிடந்தாள். பிள்ளை பிறக்கவில்லை. பிழைப்பாளா என்று டாக்டருக்கே தெரியாது. எனக்கு அவளை உயிரோடு நினைக்கத் தைரியம் இருக்கவில்லை. என் பேரும் தெரியாத அந்த மனிதர் எங்களை நாலு பேர் என்று எண்ணியிருக்கிறார்.

நான் கிளாசைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் மனைவி என்னைத் திட்டவில்லை, அவளும் அழுதாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் பங்குப் பாலை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் என் மகள் குடித்தாள்.